யாங்கீஸ் 55, பைரேட்ஸ் 27: ஆனாலும் 1960 வேர்ல்ட் சீரிஸ் பிட்ஸ்பர்குக்குப் போனது எப்படி?

கேள்வி இது: அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியனை முடிவுசெய்யும் தொடரான வேர்ல்ட் சீரிஸில், 1960-இன் ஏழு ஆட்டங்களில் நியூயார்க் யாங்கீஸ் மொத்தம் 55 ரன் எடுத்தது, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 27 ரன்தான் எடுத்தது. பேட்டிங் சராசரி .338-க்கு .256. ஹோம்ரன் (பந்தை எல்லைச் சுவருக்கு மேலே அடிப்பது) பத்துக்கு நான்கு. ஹிட் (அடித்து பேஸை எட்டுவது) 91-க்கு 60. இப்படி எல்லாக் கணக்கிலும் பின்தங்கிய அணி பட்டத்தை வென்றது வெறும் அதிர்ஷ்டமா, அல்லது அதில் ஏதாவது திட்டம் இருந்ததா?

அதிர்ஷ்டம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது வந்து கைகொடுக்கும் இடத்தில் பைரேட்ஸ் நின்றுகொண்டிருந்தது திட்டத்தால்தான். பைரேட்ஸ் வென்ற நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்த அவுட்கள் 108. அந்த 108-ம் மூன்றே மூன்று பிட்சர்கள் எறியும்போது விழுந்தவை. வெர்ன் லா 55, எல்ராய் ஃபேஸ் 31, ஹார்வி ஹாடிக்ஸ் 22. தோற்ற மூன்று ஆட்டங்களில் இந்த மூவரில் ஒருவர்கூட ஒரு பந்து எறியவில்லை. இந்தத் தொடரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விவரத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஓரிரு விதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். அடித்தவர் முதல், இரண்டாவது, மூன்றாவது பேஸ்களைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்தால் ஒரு ரன். பிட்சருக்கு ஓவர் வரம்பு இல்லை. நன்றாக எறிகிறவர் ஆட்டம் முழுவதும் எறியலாம். ஆனால் ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் அவர் திரும்ப வர முடியாது. முழு ஆட்டம் எறிந்தவருக்கு அந்தக் காலத்தில் குறைந்தது மூன்று நாள் ஓய்வு தேவை. ஏழு ஆட்டத் தொடரில் நான்கை முதலில் வெல்பவர் சாம்பியன். இங்கே நெட் ரன்ரேட் கிடையாது. 16-3 என்று வென்றாலும் ஒரு வெற்றி, 3-2 என்று வென்றாலும் ஒரு வெற்றி.

ஆட்ட வரிசையைப் பாருங்கள். முதல் ஆட்டம் பைரேட்ஸ் 6-4. இரண்டாவது யாங்கீஸ் 16-3. மூன்றாவது யாங்கீஸ் 10-0. நான்காவது பைரேட்ஸ் 3-2, ஐந்தாவது பைரேட்ஸ் 5-2. ஆறாவது யாங்கீஸ் 12-0. ஏழாவது பைரேட்ஸ் 10-9. பைரேட்ஸின் வெற்றி வித்தியாசங்கள் 2, 1, 3, 1. கூட்டினால் ஏழு ரன். யாங்கீஸின் வெற்றி வித்தியாசங்கள் 13, 10, 12, கூட்டினால் 35. அந்த மூன்று ஆட்டங்களில் மட்டும் யாங்கீஸ் 38 ரன் குவித்தது. மீதி நான்கில் 17-தான். 55 என்ற எண் பிரமாண்டமாகத் தெரிவதற்குக் காரணம், அதில் பெரும்பகுதி ஏற்கெனவே முடிந்துபோன ஆட்டங்களில் விழுந்த ரன்கள்.

பில் ஜேம்ஸ் உருவாக்கிய ஒரு சூத்திரம் பேஸ்பாலில் புகழ்பெற்றது. எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அணி எத்தனை சதவீத ஆட்டங்களை வெல்லும் என்ற உத்தேசம் கிடைக்கும். இங்கே 27-இன் வர்க்கம் 729, 55-இன் வர்க்கம் 3025. 729-ஐ 3754-ஆல் வகுத்தால் சுமார் 19 சதவீதம், அதாவது ஏழு ஆட்டங்களில் ஒன்றரை வெற்றிகூட இல்லை. ஒரு முழு சீசனுக்கு இந்தச் சூத்திரம் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக வரும். ஏழு ஆட்டங்களுக்கு வராது. ஏன் என்றால், சீசனில் எல்லா ஆட்டங்களுக்கும் எல்லாப் பிட்சர்களும் முறைவைத்து வருவார்கள். ஏழு ஆட்டத் தொடரில் மேலாளர் நல்ல கைகளை எந்த ஆட்டத்துக்குச் செலவழிப்பது என்று தேர்ந்தெடுக்க முடியும்.

பைரேட்ஸ் மேலாளர் டேனி மர்டா அதைத்தான் செய்தார். தொடர் அக்டோபர் 5-இல் தொடங்கியது. 5, 6 பிட்ஸ்பர்கில். 7 பயண நாள். 8, 9, 10 நியூயார்க்கில். 11 பயண நாள். 12, 13 மீண்டும் பிட்ஸ்பர்கில். முதல் ஆட்டத்தில் எறிபவர் மூன்று நாள் ஓய்வுடன் நான்காவது ஆட்டத்துக்கு வரலாம், மறுபடி மூன்று நாள் ஓய்வுடன் ஏழாவதுக்கு வரலாம். அட்டவணை இதற்கென்றே வெட்டித் தைத்ததுபோல் இருந்தது. வெர்ன் லா அந்த சீசனில் 20 வெற்றி, 9 தோல்வி. அந்த ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவருக்குத்தான். கணுக்காலில் அடிபட்டிருந்தும் 5, 9, 13 ஆகிய மூன்று தேதிகளிலும் அவரே தொடங்கினார்.

அவருக்குப் பின்னால் ஃபேஸ். குள்ளமான ஆள், ஆயுதம் ஃபோர்க்பால்: இரண்டு விரல்களுக்கு நடுவே பந்தைச் செருகி எறிவது. வேகப்பந்துபோல் வந்து பேட்டருக்கு முன்னால் திடீரென்று இறங்கும். 1959 சீசனில் ரிலீஃப் பிட்சராகவே (நடுவில் வந்து எறியும் மாற்றுப் பிட்சர்) 18 வெற்றி, ஒரே ஒரு தோல்வி கண்டவர். மர்டா அவரை முன்னிலையில் இருக்கும்போது மட்டுமே அழைத்தார். முதல் ஆட்டத்தில் கடைசி 2 இன்னிங்ஸ். நான்காவதில் கடைசி 2⅔ இன்னிங்ஸ். சந்தித்த எட்டுப் பேரையும் வரிசையாக அவுட் ஆக்கினார். மறுநாளே ஐந்தாவதில் ஹாடிக்ஸுக்குப் பின் மறுபடி 2⅔ இன்னிங்ஸ்.

தோற்கிற ஆட்டங்களை மர்டா எப்படிக் கையாண்டார் என்பது இதற்குச் சமமான முக்கியத்துவம் உடையது. இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது ஆட்டங்களில் தொடக்கத்திலேயே அடி விழுந்ததும் கிளெம் லபைன், டாம் சேனி, ஜார்ஜ் விட் போன்றவர்களைப் போட்டு மிச்ச இன்னிங்ஸை ஓட்டிவிட்டார். 8-0 என்று பின்தங்கியிருக்கும்போது ஃபேஸை இறக்கி 8-0-ஆகவே காப்பாற்றுவதில் பயனில்லை. அவர்கள் மேல் ரன் மழை பொழிந்தது. பைரேட்ஸின் தொடர் இ.ஆர்.ஏ. (தடுப்பாட்டப் பிழைகளால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த சராசரி ரன்) 7.11 என்று கோரமாக உயர்ந்தது. ஒரு சாம்பியன் அணிக்கு இது நம்ப முடியாத எண். அந்த அவமானத்தை மர்டா பொருட்படுத்தவில்லை, ரசிகர்கள் முன் 12-0 என்று தோற்றுவிட்டு மறுநாள் அமைதியாக லாவைக் களத்தில் இறக்கினார். என்னைப் பொறுத்தவரை அந்தத் தொடரின் மிகத் துணிச்சலான காரியம் அதுதான்.

இப்போது எதிர்ப்பக்கம். யாங்கீஸ் மேலாளர் கேஸி ஸ்டெங்கலிடம் நட்சத்திரப் பிட்சர் வைட்டி ஃபோர்ட் இருந்தார். அவரை முதல் ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆர்ட் டிட்மார் தொடங்கினார், ஒரே ஓர் அவுட் எடுப்பதற்குள் மூன்று ரன் கொடுத்து வெளியேறினார். ஃபோர்ட் மூன்றாவது ஆட்டத்தில்தான் வந்தார், 10-0. மூன்று நாள் ஓய்வுக்குப் பின் ஆறாவதில் வந்தார், 12-0. இரண்டிலும் ஒன்பது இன்னிங்ஸ் முழுக்க எறிந்து ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. பதினெட்டு இன்னிங்ஸ், பூஜ்யம். ஆனால் அவர் அணி 10 ரன்னும் 12 ரன்னும் எடுத்த ஆட்டங்கள் அவை. அங்கே சாதாரணப் பிட்சர் ஐந்து ரன் கொடுத்திருந்தாலும் யாங்கீஸ் வென்றிருக்கும். தங்கமான பதினெட்டு இன்னிங்ஸும் தேவையில்லாத இடத்தில் போய் விழுந்தன. ஏழாவது ஆட்டத்துக்கு அவர் கிடைக்கவில்லை, ஏனென்றால் முந்தின நாள்தான் முழு ஆட்டம் எறிந்திருந்தார்.

ஸ்டெங்கலை இதற்காக முட்டாள் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த சீசனில் டிட்மார் 15 வெற்றி, 9 தோல்வி. அணியில் அதிக வெற்றி பெற்றவர் அவர். ஃபோர்ட் 12-9 மட்டுமே, தோள் தொந்தரவும் இருந்தது. இருவர் இ.ஆர்.ஏ.-வும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இடக்கைக்காரரான ஃபோர்டை இடப்பக்க எல்லை மிகத் தொலைவில் இருந்த யாங்கி ஸ்டேடியத்துக்கு ஒதுக்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். தாளில் அதுவும் நியாயமாகத்தான் தெரிகிறது. பிழை எங்கே என்றால், மைதானப் பொருத்தத்தைப் பார்த்தவர் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. முதல் ஆட்டத்தில் தொடங்குபவருக்கு மூன்று வாய்ப்பு, மூன்றாவதில் தொடங்குபவருக்கு இரண்டுதான். அதைவிடப் பெரிய பிழை ஐந்தாவது ஆட்டத்தில் மறுபடியும் டிட்மாரையே தொடக்கியது. அங்கே 1⅓ இன்னிங்ஸ் தாங்கினார். இரண்டு தோல்வி, மொத்தம் 1⅔ இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 21.60.

அப்படியென்றால் பைரேட்ஸ் உண்மையிலேயே பலவீனமான அணியா? இல்லை. சீசனில் 95 வெற்றி, 59 தோல்வியோடு நேஷனல் லீகை வென்று வந்தது, யாங்கீஸ் 97-57. ஆனால் யாங்கீஸ் அந்த ஆண்டு 193 ஹோம்ரன் அடித்தது, சீசனின் கடைசி 15 ஆட்டங்களை வரிசையாக வென்றிருந்தது, மேன்டில், மாரிஸ், பெரா என்று வரிசை நிறைய நட்சத்திரங்கள். பைரேட்ஸ் கடைசியாகப் பட்டம் வென்றது 1925-இல். 1927-இல் இதே யாங்கீஸிடம் 4-0 என்று அடி வாங்கியதோடு வேர்ல்ட் சீரிஸ் பக்கமே வரவில்லை.

ஓர் ஆட்டத்தை வெல்ல 45 சதவீத வாய்ப்புள்ள அணி, ஏழு ஆட்டத் தொடரை வெல்ல சுமார் 39 சதவீத வாய்ப்பு உண்டு. 40 சதவீதம் என்றால் 29. பேஸ்பாலில் உச்ச அணிகளே பத்தில் ஆறு ஆட்டம்தான் வெல்லும் என்பதால், இரண்டு லீக் சாம்பியன்கள் மோதும்போது இடைவெளி இதைவிட அதிகமாக இருப்பது அபூர்வம். பலவீனமான அணி மூன்று தொடருக்கு ஒன்றை வெல்வது அற்புதம் அல்ல. 55-27 என்று அடி வாங்கியும் வெல்வதுதான் அற்புதம்.

ஏழாவது ஆட்டத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டம் கிழிந்த இடமும் அதிர்ஷ்டம் நுழைந்த இடமும் அங்கேதான். அக்டோபர் 13, பைரேட்ஸின் சொந்த மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்ட். ராக்கி நெல்சனின் ஹோம்ரன், பில் வெர்டனின் அடி இவற்றால் பைரேட்ஸ் இரண்டே இன்னிங்ஸில் 4-0. ஐந்தாவது இன்னிங்ஸில் ஸ்கவ்ரனின் ஹோம்ரனால் 4-1. ஆறாவதில் லா இருவரை பேஸில் விட்டதும் மர்டா ஃபேஸை அழைத்தார். வழக்கத்தைவிட ஓர் இன்னிங்ஸ் முன்னதாக. அடுத்தடுத்த நாட்களில் 5⅓ இன்னிங்ஸ் எறிந்த கை அது. இரண்டு நாள் ஓய்வு போதவில்லை. மேன்டில் ஓர் அடி, பெரா மூன்று ரன் ஹோம்ரன், யாங்கீஸ் 5-4. எட்டாவது இன்னிங்ஸில் ஃபேஸிடமிருந்து மேலும் இரண்டு ரன், 7-4.

எட்டாவதின் கீழ்ப்பாதி, அதாவது பைரேட்ஸ் பேட் செய்யும் முறை. யாங்கீஸின் பாபி ஷான்ட்ஸ் அதுவரை ஐந்து இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் எறிந்திருந்தார். சிமோலி ஓர் ஒற்றை அடி. அடுத்து வெர்டன், இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் டோனி குபெக்கிடம் தரைப்பந்து அடித்தார். ஒரே பந்தில் இருவரை அவுட் ஆக்கும் டபுள் பிளேக்கு வசமான பந்து. ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் தரை கெட்டிப்பட்டதற்குப் பேர்போனது. பந்து எகிறி குபெக்கின் தொண்டையில் மோதியது. இரண்டு அவுட், பேஸ் காலி என்று இருக்க வேண்டிய நிலை, அவுட் இல்லை, இருவர் பேஸில் என்று மாறியது. குரோட்டின் அடியில் சிமோலி ஓடி வந்தார், 7-5. இது சுத்தமான அதிர்ஷ்டம்.

அடுத்து நடந்தது அதிர்ஷ்டம் அல்ல. ஷான்ட்ஸுக்குப் பதில் ஜிம் கோட்ஸ் வந்தார். ஸ்கின்னர் தன் அவுட்டைத் தியாகம் செய்து பந்தை மெல்லத் தட்டி இருவரையும் ஒரு பேஸ் நகர்த்தினார். நெல்சன் வானில் அடித்து அவுட். மாரிஸின் எறி வலுவுக்குப் பயந்து வெர்டன் மூன்றாவது பேஸிலேயே நின்றார். இரண்டு அவுட். கிளமென்டே முதல் பேஸ் பக்கமாகச் சப்பையான ஒரு தரைப்பந்து அடித்தார். ஸ்கவ்ரன் பேஸை விட்டு வந்து பந்தை எடுத்தார். இந்த நேரத்தில் பிட்சர் ஓடிப்போய் முதல் பேஸை மூடியிருக்க வேண்டும். பயிற்சியில் தினமும் செய்வதுதான். கோட்ஸ் அங்கே இல்லை. கிளமென்டே வேகமாக ஓடிப் பிழைத்தார், வெர்டன் உள்ளே வந்தார், 7-6. இன்னிங்ஸ் முடிந்திருக்க வேண்டிய இடம் அது.

அடுத்து வந்தவர் ஹால் ஸ்மித். அவர் ஏன் அங்கே இருந்தார் என்பதையும் கவனியுங்கள். ஏழாவது இன்னிங்ஸில், பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் ஸ்மோக்கி பர்ஜெஸ் பேஸை அடைந்தபோது, மெதுவாக ஓடுபவர் என்பதால் மர்டா அவருக்குப் பதில் ஓட்டக்காரரைப் போட்டார். அந்த ஓட்டத்தால் ரன் வரவில்லை. பர்ஜெஸ் திரும்ப முடியாது என்பதால் ஸ்மித் கேட்சரானார். வீணாய்ப்போனதாகத் தோன்றிய அந்த மாற்றம்தான் மூன்று ரன் ஹோம்ரனாகத் திரும்பி வந்தது. 9-7. ஆட்டத்தின் வெற்றி வாய்ப்பு எவ்வளவு தாவியது என்று அளக்கும் கணக்கில், கடைசி அடியைவிட ஸ்மித்தின் இந்த அடிதான் மிகப் பெரியது. இதை அடித்தவர் பெயரை இன்று பலருக்குத் தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஒன்பதாவதில் யாங்கீஸ் விடவில்லை. பாப் ஃபிரெண்ட் வந்தார், ஓர் அவுட்டும் எடுக்காமல் இருவரை பேஸில் விட்டுப் போனார். ஹாடிக்ஸ் வந்து மாரிஸை அவுட் ஆக்கினார். மேன்டிலின் அடியில் 9-8. முதல் பேஸில் மேன்டில், மூன்றாவதில் மெக்டூகல், ஓர் அவுட். பெரா முதல் பேஸ் பக்கம் அடிக்க, நெல்சன் பந்தைப் பிடித்துத் தானே பேஸை மிதித்தார்: இரண்டாவது அவுட். பேட்டர் அவுட் ஆகிவிட்டதால் மேன்டில் இரண்டாவது பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது. இனி அவரைப் பந்தால் தொட்டால்தான் அவுட். மேன்டில் அதைக் கண நேரத்தில் உணர்ந்து, ஓடுவதற்குப் பதில் நெல்சனின் கைக்குக் கீழே முதல் பேஸுக்கே திரும்பப் பாய்ந்தார். மெக்டூகல் ஓடி வந்து ரன் எடுக்கும் முன் மேன்டிலைத் தொட்டிருந்தால் ஆட்டம் 9-8 என்று அங்கேயே முடிந்திருக்கும். தொட முடியவில்லை. 9-9. பேஸ் ஓட்டத்தில் இதைவிடக் கூர்மையான முடிவை வேர்ல்ட் சீரிஸில் காண்பது அரிது.

ஒன்பதாவதின் கீழ்ப்பாதி. எறிந்தவர் ரால்ஃப் டெர்ரி. ஸ்டெங்கல் அன்று அவரைப் புல்பென்னில் (மாற்றுப் பிட்சர்கள் கைச்சூடு ஏற்றும் இடம்) பலமுறை எழுப்பி எறியவைத்து, உட்காரவைத்து, மறுபடி எழுப்பியிருந்தார். கைச்சூடு ஏறி இறங்கினால் பந்து மேலே நிற்கும். முதல் பேட்டர் பில் மஸெராஸ்கி; வரிசையில் எட்டாவது இடத்தில் ஆடுபவர், தடுப்பாட்டத்துக்குப் பெயர் பெற்ற இரண்டாவது பேஸ்மேன், சீசனில் 11 ஹோம்ரன்தான். முதல் பந்து உயரமாகப் போனது. இரண்டாவது பந்து இடப்பக்கச் சுவருக்கு மேலே போனது. பெரா அந்தச் சுவரடியில் நின்று பார்த்தார். மாலை 3:36. வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தை முடித்துவைத்த ஒரே ஹோம்ரன் இன்றுவரை அதுதான். 1993-இல் ஜோ கார்ட்டர் அடித்தது ஆறாவது ஆட்டத்தில்.

அந்த ஆட்டத்தில் இரு தரப்பிலும் சேர்த்து ஒருவர்கூட ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக் ஆகி, பந்தை அடிக்காமலே அவுட் ஆவது) ஆகவில்லை. வேர்ல்ட் சீரிஸில் வேறெந்த ஆட்டத்திலும் நடக்காதது. எல்லோரும் பந்தை அடித்தார்கள். அதனால்தான் கெட்டித் தரையும், பேஸை மூடாத பிட்சரும், பாய்ந்து திரும்பிய ஓட்டக்காரரும் ஆட்டத்தைத் தீர்மானிக்க முடிந்தது.

தொடரின் சிறந்த வீரர் விருது யாங்கீஸின் பாபி ரிச்சர்ட்சனுக்குப் போனது. சீசன் முழுக்கத் தன் அடிகளால் 26 ரன் மட்டுமே ஓடவைத்தவர், இந்த ஏழு ஆட்டங்களில் 12. தோற்ற அணியிலிருந்து அந்த விருதைப் பெற்ற ஒரே வீரர். அந்த 12-இல் பெரும்பகுதியும் 10-0, 12-0 ஆட்டங்களில் வந்தவைதான். ஸ்டெங்கலை ஐந்து நாள் கழித்து யாங்கீஸ் வீட்டுக்கு அனுப்பியது. பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து லீக் பட்டமும் ஏழு வேர்ல்ட் சீரிஸும் வென்று கொடுத்தவர், அப்போது வயது 70.

ஆட்டத்தை நீங்களே பார்க்க விரும்பினால் வழி இருக்கிறது. பைரேட்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பாடகர் பிங் கிராஸ்பி, பதற்றம் தாங்காது என்று பாரிஸுக்குப் போய்விட்டு, தொலைக்காட்சி ஒளிபரப்பைப் படச்சுருளில் பதிவுசெய்ய ஏற்பாடு செய்திருந்தார். அது 2009 டிசம்பரில் அவர் வீட்டின் நிலவறையில் கண்டெடுக்கப்பட்டு, 2010 டிசம்பரில் ஒளிபரப்பானது. பார்க்கும்போது மஸெராஸ்கிக்காகக் காத்திருக்காமல் எட்டாவதின் கீழ்ப்பாதியை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை பந்தை. இரண்டாவது முறை, கிளமென்டே அடித்த கணத்தில் கோட்ஸின் கால்களை.